அல்லியங்கோதை தண்ணீர்ப் பந்தலின் முதற் குவளை

மங்கலம் பெருகுக. நுரையாற்று நாடுடைய கோ நன்மருதன் விடுக்கும் திருமுகம். ஏழு நாட்டுத் துறைகளிலும் பண்டசாலை உடைய எழுகடல் வணிகக் கணத்தின் தலைவர் பொன்னந்தையார் காண்க. உம் மரக்கலங்களுக்கு நற்காற்று வாய்க்க. உம் மனையோர் நலம் பெறுக.

நம் துறைமுகச் சாலையில் உம் கணத்தார் எடுப்பித்த தண்ணீர்ப் பந்தலுக்கு மறைந்த அரசியார் அல்லியங்கோதையின் பெயரைச் சூட்ட நீர் வேண்டியபோது, அரசர் மறுக்கவில்லை. அவர் எதையுமே மறுக்காதிருந்த காலம் அது. பந்தல் வைத்தவரே முதற் குவளை அருந்தி அத்தண்ணீருக்குப் பிணை நிற்பது இந்நாட்டு வழக்கம். நீர் கடல் கடந்து இருந்தமையால் உமக்காக அரசரே அருந்தினார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

பின்னர் வந்த உம் ஓலையில், அரசியார் பெயர் பொறித்த உம் கணத்தின் நீலத்துணி அயல்நாட்டுச் சந்தைகளில் மற்றவற்றை முந்தி விற்பதாகவும், அறமும் ஆதாயமும் ஒருங்கே வளர்வதாகவும் மகிழ்ந்து எழுதியிருந்தீர். அறம் செய்தவர் ஆதாயம் பெறுவதில் அரசருக்கு மனக்குறை இல்லை. அவ்வோலையை அவையில் படிக்கச் செய்து தாமும் மகிழ்ந்தார். இன்று அதை நினைத்தால் அவருக்கு உடல் கூசுகிறது.

சென்ற அவை நாளில் கொற்றி என்னும் பெண் ஒரு குடத்தோடு வந்தாள். உம் சாயத் தொட்டிகளின் கழிவு ஆற்றில் இறங்கும் கரையாம்பாடியைச் சேர்ந்தவள். குடத்தில் இருந்தது அவ்வூரார் குடிக்கும் ஆற்றுத் தண்ணீர். மை போல் இருந்தது. பந்தலுக்கு மலைச்சுனைத் தண்ணீர் ஏற்றிய உம் வண்டிகள் நாள்தோறும் தங்கள் தெரு வழியேதான் போகின்றன என்றும், பிள்ளைகள் கைநீட்டினால் வண்டிக்காரர் தாற்றுக்கோலை ஓங்குகிறார் என்றும், கப்பலில் வந்து இறங்குவோரின் தாகம் மட்டுமே அரசியாருக்குத் தெரியும் போலும் என்றும் அவள் சொன்னாள். காவலர் அவளைத் தடுத்தனர். அரசர் காவலரைத் தடுத்தார். அல்லியங்கோதை உயிரோடிருந்து அப்பேச்சைக் கேட்கவில்லையே என்று ஒரு கணம் ஆறுதல் கொண்டார். அவ்வாறு ஆறுதல் கொண்டதற்கும் வெட்கினார்.

ஆகவே ஆணை. பந்தல் நிற்கட்டும், வழிப்போக்கர் தாகம் பொய்யன்று. அரசியார் பெயரை அதன் கல்லிலிருந்து நம் கல்தச்சர் செதுக்கி எடுத்துவிட்டனர். உம் துணியிலிருந்து நீரும் அப்பெயரை எடுத்துவிடுக. மலைச்சுனை வண்டிகள் இனி முதலில் கரையாம்பாடியில் நிற்கும். தொட்டிகளின் கழிவு ஆற்றில் கலவாதபடி வழி செய்யும்வரை அங்கே சாயம் காய்ச்சலாகாது.

தைத் திங்கள் முழுநிலவு அரசியாரின் நினைவு நாள். அன்று கரையாம்பாடித் துறைக்கு நீர் நேரில் வருக; காற்று ஒவ்வவில்லை என்று ஆள் அனுப்ப வேண்டாம். கொற்றி ஆற்றிலிருந்து முகந்து தருவாள். வழக்கப்படி முதற் குவளை உம்முடையது. சென்ற முறை உமக்காகப் பிணை நின்றவர் உம் அருகில் நிற்பார். இரண்டாம் குவளை அவருடையது. அன்று அத்தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்பது உம் கையில் இருக்கிறது.

நாரை முத்திரை இடப்பட்டது. ஓலை கண்டதும் கலம் ஏறுக.