ரூபன் சொன்ன கதை

வெள்ளி இரவு.

நான் விளையாடும் துப்பாக்கி வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை எல்லோரும் ஆன்லைனில் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவதற்கே வாங்குகிறார்கள். அதில் அருமையான கதை இருக்கிறது என்று மனைவி தர்சியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட் நகரில் நடந்த விருந்தில் அவளோடு வேலை செய்யும் ரூபன் அதையே சொன்னான். காயப்பட்ட எதிரியைச் சிப்பாய் சுமந்து வரும் இடத்தை அவன் விவரிக்க, அவள் கண் கலங்கினாள்.

“நானும் விளையாடிப் பாக்கப்போறன், ரூபன்.”

“அது குப்பைக் கதை,” என்றேன்.

திரும்பும்போது காரில் கேட்டாள்: “நீங்கள்தானே நல்ல கதை எண்டு சொன்னனீங்கள்?”

அப்படியென்றால் நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள். பாலத்தில் காரின் வேகத்தைக் கூட்டினேன்.

இப்போது ஹாலில் விளையாடுகிறாள். பக்கத்தில் போய் இருக்கலாம். ஆனால் ரூபன் சொன்னதால்தானே தொடங்கினாள்.