பதிலில் என் பெயர் இல்லை

மார்ச் 12, 1996. செவ்வாய்.

ஆற்றுக்கு அப்பாலுள்ள பழங்குடி சபை அலுவலகத்தில், ஒட்டாவாவிலுள்ள கனடா அரசு கொண்டுவரும் சட்ட மாற்றங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. பழங்குடியினரின் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதில் கடைசி முடிவை அமைச்சரிடமே வைக்கும் சட்ட வரைவுக்கு இன்று பதில் எழுதினேன். "தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று முடித்திருந்தேன். அந்தப் பழங்குடியைச் சேர்ந்த நில அதிகாரி டெப்ரா அந்த வரியை வெட்டினாள்.

"இது எங்கள் நிலம். தயவு எதற்கு? சம்மதமில்லை என்று மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். அவள் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு நிமிர்ந்தார்.

"எங்களுக்கு இன்னும் குடியுரிமை வரேல்லை. உம்மட பேர் அதில இருக்கோ?"

"இல்லை. டெப்ராவின்ர பேர்தான்."

"அப்ப சரி" என்று சாப்பிடத் தொடங்கினார்.

என் பெயரும் அதில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.