உப்புச் சர்க்கரைக்கு அழைக்காதவனுக்கு

சங்ககிரிப் பிரிவில் இன்று காலை நாலைந்து பேர் சேர்ந்து பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸின் மை வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறதே, என்ன செய்ய?

நாமும் அதே கம்பத்தில்தான் கட்டினோம். உன் பிறந்தநாளுக்கு நான், என் பிறந்தநாளுக்கு நீ. முப்பத்திரண்டு வயதில், முன்வழுக்கையைக் கம்ப்யூட்டரில் மறைக்கச் சொல்லி, உன்னை 'இளஞ்சிங்கம்' என்று போட்டேன். நீ லாரி புக்கிங் ஆபீஸில், நான் அப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். ஞாயிறானால் ஜேடர்பாளையம் தடுப்பணையில் குளியல், மீன் வறுவல். கல்யாணப் பேச்சை எடுப்பவன் அன்றைக்கு மீனைத் தொடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

எனக்கு ராசிபுரத்தில் ஒரு இடம் வந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது. உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "ஏன்டா மாப்ள, அதுக்குள்ள கெழவனாகோணுமா?" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வீட்டில் வேண்டாம் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வைகாசியில் கடைக்கு வந்த உன் சித்தப்பா கேட்கிறார்: "ஏஞ்சாமி, நம்ம பையனுக்கு உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுனமே, உன்னையக் காணோம்?" கடையை அப்படியே போட்டுவிட்டு உன் ஆபீஸுக்கு ஓடி வந்தேன். நீ தலையைத் தூக்கவே இல்லை.

"பொண்ணூட்டுக்காரங்க முன்னால நீ ஏதாச்சும் கூத்தடிச்சுப்போடுவீன்னு பயந்துட்டேன்டா. உன்றகூட நின்னா நானும் சின்னப் பையனாட்டந்தான் தெரியறேன்."

என்னைச் சின்னப் பையனாகவே நிறுத்தி வைத்தது யார்? கல்யாணப் பத்திரிகையை ஆள்மூலம் கொடுத்துவிட்டாய். நான் வரவில்லை.

பத்தே மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. துக்கம் விசாரிக்க உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உன் அம்மாவிடம், "அத்தை, இவுங்க ஆருங்க?" என்று கேட்டாள்.

"கூடப் படிச்ச பையன் கண்ணு" என்றார் உன் அம்மா.

பதினாறு வருடச் சினேகிதம். அவளிடம் என் பேரைக்கூட நீ சொன்னதில்லை. உன் சாவைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலித்தது. துரோகி என்று அங்கேயே உட்கார்ந்து உன்னை மனசுக்குள் திட்டினேன்.

இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் நீ அன்று ஆபீஸில் சொன்னது பொய்யில்லை என்பதும் கூடவே வருகிறது. சவரம் செய்யும்போதும், கடைக்கு வருகிறவர்கள் "தம்பி" என்று கூப்பிடும்போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டுப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். கைகூடுகிறவரைக்கும் ஒருத்தரிடமும் மூச்சுவிடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

நான் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.