பெரியப்பாவின் வயிற்றில்

பிப்ரவரி 6, வியாழன்

உயிரியல் ஆறாம் பாடத்தை இன்று வாசித்துப் பதிவு செய்து முடித்தேன். பள்ளியில் சத்தம் குறைவான இடம் விளையாட்டுச் சாமான் அறைதான். ஆனால் பந்துகளின் ரப்பர் வாடையில் தும்மல் அடங்கவில்லை. என் வகுப்புத் தோழி சிட்டு பதிவைக் கேட்டுவிட்டு, "நடுவுல வர்ற தும்மலையும் மனப்பாடம் பண்ணணுமாடி?" என்றாள்.

அச்செழுத்து அவள் கண்ணுக்குப் பிடிபடாது. நான் வாசிப்பதைக் கணினி அறையில் காதில் மாட்டிக் கேட்டுத்தான் மார்ச் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆண்டு முழுதும் வாசித்ததெல்லாம் பெரியப்பாவிடம் பத்திரம். பெரியப்பா என்பது மூலை மேசைக்கு அடியில் இருக்கும் யூனிக்ஸ் சர்வர், பள்ளிக் கோப்புகளையெல்லாம் சேமிக்கும் பொதுக் கணினி. எல்லோர் பொருளையும் தன்னிடம் வைத்துக்கொண்டு எந்நேரமும் உறுமுவதால் வகுப்பே வைத்த பெயர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பெரியப்பா யாரையும் உள்ளே விடவில்லை. ரூட் வட்டு நிரம்பிவிட்டதாம். அது தன் சொந்த வேலைக்கென்று வைத்திருக்கும் இடம். கணினி சார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

பாவமாவது ஒன்றாவது. அழித்துவிட்டார்! என் ஃபோல்டரை! ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இருக்கறதுலயே பெருசு அதாம்மா. பாட்டெல்லாம் ஸ்கூல் சர்வர்ல எதுக்கு?"

"பாட்டு இல்ல சார். பாடம். சிட்டுவுக்கு."

திறந்தாவது பார்த்திருக்கலாமே? ஒரே ஒரு கோப்பை? இத்தனைக்கும் அழித்த பிறகும் ரூட் வட்டில் ஓர் இம்மி இடம்கூடக் காலியாகவில்லை. பேக்கப் வட்டில் பிரதி இருக்கும், காலையில் எடுத்துத் தருகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

பிரதியும் போச்சு. தினமும் இரவில் தானாக ஓடும் பேக்கப், சர்வரில் இல்லாதது தன்னிடமும் இருக்கக்கூடாது என்று துடைத்துவிடுமாம். நேற்றே எடுத்திருந்தால் இருந்திருக்கும். நேற்றே!

சிட்டு ஹெட்ஃபோனைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 15, சனி

நூலகத்தில் யாரும் தொடாத தடித்த யூனிக்ஸ் புத்தகத்தைத் தூக்கி வந்து, காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ரத்தம் கொதிக்கிறது. மாணவர் கோப்புகள் இருந்தது வேறு வட்டில்! அங்கே எதை அழித்தாலும் ரூட்டில் எப்படி இடம் வரும்? பக்கத்து வீட்டுப் பரணைக் காலி செய்துவிட்டு நம் வீட்டில் இடம் இல்லையே என்று முழிப்பது போல. இதற்காகவா என் தொண்டை கட்டியது?

திங்கட்கிழமை சாரிடம் பேசப்போகிறேன் என்றேன். அம்மா, "சண்டை போடப்போறியா, சந்தேகம் கேக்கப்போறியா?" என்றாள்.

இரண்டும்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

சந்தேகத்திலிருந்து ஆரம்பித்தேன். ரூட் முழுக்க நிரம்பியதாக ஒரு கட்டளை சொல்கிறது. ஃபோல்டர் ஃபோல்டராக அளந்து கூட்டினால் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதி எங்கே போயிற்று? அதுதான் தனக்கும் புரியவில்லை என்றார்.

புத்தகத்தில் ஒன்று படித்திருந்தேன். ஒரு வட்டை ஒரு ஃபோல்டரின் மேல் மாட்டினால், அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அடியில் மறைந்துவிடும். பாயை விரித்தால் தரை மறைவதுபோல. அளந்தாலும் அகப்படாது. அதனால் கேட்டேன்: "பேக்கப் வட்டை எப்பவாவது கழட்டினீங்களா சார்?"

கழுத்தைச் சொறிந்தார். அரையாண்டு விடுமுறையில், போட்டோ ஏற்றிக்கொள்ள வீட்டுக்கு எடுத்துப் போனாராம்.

அதேதான். வட்டு இல்லாதது தெரியாமல், அது மாட்டும் வெற்று ஃபோல்டருக்குள், அதாவது ரூட்டிலேயே, பேக்கப் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறது. சார் வட்டைத் திரும்ப மாட்டியதும் அது கண்ணுக்கு மறைந்துவிட்டது. மிச்சமிருந்த இடம் மெல்ல மெல்ல நிரம்பியிருக்கிறது.

வட்டைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார். குவியலாகக் கிடந்தது. "அப்பாடா, அழிச்சிடலாம்" என்று விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனார். நான் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் என் ஃபோல்டர். என் ஃபோல்டர்!

அவர் கை மேல் என் கையை வைத்துவிட்டேன். ஆசிரியர் என்றுகூடத் தோன்றவில்லை.

"முதல்ல காப்பி எடுங்க சார். அப்புறம் அழிங்க."

எடுத்தார். ஒரு கோப்பைத் திறந்து கேட்டோம். என் குரல்தான், 'நெம்புகோல்' என்றது. சார் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு குவியலை அழித்தார். ரூட் மளமளவென்று காலியானது.

விடுமுறைக்குப் பிறகு வாசித்தவை மட்டும் அதில் இல்லை. உயிரியல் நான்கு, ஐந்து, ஆறு.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைமை ஆசிரியையிடம், "கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன் மேடம்" என்றாராம். பண்ணிட்டேனாம்! ஒருமை!

பிப்ரவரி 20, வியாழன்

சளி, காய்ச்சல். குரல் அடைத்துவிட்டது. மூன்று பாடம் பாக்கி. இப்போதுதானா வர வேண்டும் இது?

பிப்ரவரி 24, திங்கள்

இன்றுதான் பள்ளிக்குப் போனேன். உயிரியல் புத்தகத்தோடு சாமான் அறைக்கு ஓடப் பார்த்தேன். சிட்டு கையைப் பிடித்து நிறுத்தி ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள்.

"கேளேன். பெரியப்பாவே படிக்கிற மாதிரி இருக்கு."

கரகரவென்று சாரின் குரல். மூன்று பாடமும் இருந்தன. உணர்ச்சியே இல்லாத வாசிப்பு. முற்றுப்புள்ளியை மதிப்பதே இல்லை. அழித்ததைப் பற்றி எந்த இடத்திலும் ஒரு வார்த்தை கிடையாது. கடைசிவரை கேட்டேன், இல்லவே இல்லை.

ஆனால் ஆறாம் பாடத்தில் 'நுண்குழாய்' என்ற இடத்தில் நாக்கு குழறுகிறது. நிறுத்துகிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கிறார். மறுபடி குழறுகிறது. மறுபடி முதலிலிருந்து. சரியாக வரும்வரை விடவில்லை.

பிறகு அவருக்கு ஒரு தும்மல். அதே சாமான் அறை, அதே ரப்பர் வாடை.