கதிரேசன் இன்னும் உட்காரவில்லை

பனிக்கல் நிலையம். காவல் பதிவு.
எழுதுவது: மாசிலாமணி, குழாய் வெல்டர். இப்போதைக்கு மற்ற எல்லா உத்தியோகமும் நானே.

கப்பல் வர 44 நாள். காலை 7:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. நிலைய வளையம் சுற்றுகிறது, அதனால் ஊரில் இருக்கிற எடையில் பாதி இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது கேமராவில் பார்த்துவிட்டுச் சிரிப்பதற்கு நானே சொல்வது மேல். இன்று காலை கக்கூஸ் என் கைலியை விழுங்கிவிட்டது. இங்கே இருப்பது தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் இல்லை. பொத்தானை அழுத்தினால் காற்றை வைத்து உள்ளே இழுக்கிற பெட்டி. தொங்குகிற துணியோடு உட்காரக் கூடாது என்று சுவரில் படம் போட்டிருக்கிறது. படத்தில் இருக்கிறவன் வெள்ளைக்காரன் மாதிரி இருந்தான். நமக்கு இல்லை என்று இருந்துவிட்டேன். முதலில் முனை போச்சு, அப்புறம் பாதி போச்சு. நான் மட்டும் போகவில்லை. உதவிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்தினேன். இந்தக் கல்லில் என்னைத் தவிர இருக்கிற ஆள் ஒருத்தர்தான். வந்தார். வாசலில் நின்றார். வாயில் விரலை வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

அவர் பெயர் கதிரேசன். வயது மூன்று ஆகவில்லை. என் தங்கச்சி பேச்சியம்மாளின் மகன். நான் தாய்மாமன். அவரை உட்காரப் பழக்குவதற்காகத்தான் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து காட்டினேன்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். கக்கூஸ் ஆளைத் தின்னும் என்று.

கப்பல் வர 43 நாள். காலை 8:00

காற்றழுத்தம் சரி. டயப்பர் 31 மிச்சம்.

இதை என்றைக்காவது கண்டெடுத்துப் படிக்கிறவர்களுக்கு விவரம் வேண்டுமே. இது செவ்வாய்க்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஒரு கல். உள்ளே பனி. தோண்டுகிற கூட்டம் போய்விட்டது, புதுக் கூட்டம் வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரை காவலுக்கு நான். எட்டாம் வகுப்பு ரெண்டு தடவை படித்தவன். பேச்சிக்கு இங்கே செடி அறையில் வேலை. கதிரேசன் இங்கேதான் பிறந்தான். போன வருஷக் கடைசியில் பேச்சிக்கு நெஞ்சில் தூசி சேர்ந்து மூச்சு முட்டிப்போச்சு. அவசரக் கூண்டு வந்தது. அதில் ஒரு ஆள்தான் படுக்கலாம். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது பூமிக்கு மேலே சுற்றுகிற ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இனி அவள் இவ்வளவு தூரம் வர முடியாது. பிள்ளைதான் போக வேண்டும்.

பனி ஏற்ற 'கயல்' என்கிற கப்பல் வருகிறது. அதன் கேப்டன் ரோஸ்லின் பர்னாந்து, தூத்துக்குடிக்காரி. இன்று வந்த செய்தி:

"மணி அண்ணாச்சி, ரோஸ்லின் பேசுறேன். பிள்ளைக்கு சீட்டு இருக்கு. டயப்பருக்கு எடம் கெடையாது. அஞ்சு மாசப் பயணம், எங்க கப்பல்ல எடையே இருக்காது. சிந்துனது கீழ விழாது, பறக்கும். போன தடவ ஒருத்தன் சிந்துன காப்பி சுவிட்சுப் பலகைக்குள்ள போயி, மூணு நாளு இருட்டுல வந்தோம். அது காப்பி. பிள்ளை தானா 'வருது'ன்னு சொல்லணும், பொட்டியில உக்காரணும். நான் வந்து கண்ணால பாப்பேன். இல்லன்னா அடுத்த கப்பல்தான். கோவிச்சுக்காதீரும்."

அடுத்த கப்பல் ரெண்டு வருஷம் கழித்து. அதற்குள் இவனுக்கு அம்மா என்றால் திரையில் இருமுகிற ஒரு பொம்பளை என்று ஆகிவிடும்.

நாற்பத்து மூன்று நாள் இருக்கிறதே, ஒரு பயலை உட்காரவைக்க அது போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

கப்பல் வர 36 நாள். காலை 10:30

திராட்சைத் திட்டம் தோல்வி. பெட்டியில் உட்கார்ந்தால் ஒரு உலர்ந்த திராட்சை என்று பேசி முடித்தேன். துரை உட்கார்ந்தார், டிரவுசரோடு. திராட்சையைத் தின்றார். இறங்கி நடந்துபோய் ஆக்சிஜன் தொட்டிக்குப் பின்னால் நின்று வேலையை முடித்தார். வாங்குவது ஒரு இடம், வேலை நடப்பது இன்னொரு இடம். இவனுக்கு ஊரில் நல்ல அரசாங்க உத்தியோகம் கிடைக்கும்.

மணிக்கு ஒரு தடவை நினைவூட்ட நிலையக் கணினியிடம் சொல்லியிருக்கிறேன். அது "கதிரேசன், கழிப்பறை நேரம்" என்கிறது. இவன் "நீ போ" என்கிறான். சாயங்காலம் அது இவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

கப்பல் வர 27 நாள். மதியம் 1:15

டயப்பர் தீர்ந்தது. வளையத்தில் மூன்று இடத்தில் ஈரம். ரெண்டை நான் கண்ணால் கண்டுபிடித்தேன். மூன்றாவதை முதுகால்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பெட்டிக்குக் கண், மூக்கு வரைந்தேன். இப்போது அது முகம் உள்ள, ஆளைத் தின்னுகிற பெட்டி. கெஞ்சினேன். நக்கலடித்தேன். சுரங்கத்தில் நான் வாயைத் திறந்தால் நாற்பது பேர் சிரிப்பார்கள். இவன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஒரு தடவை அதட்டினேன். உதடு பிதுங்கியது. பிறகு நான்தான் மன்னிப்புக் கேட்டேன், கணினிக்கு அடுத்தபடியாக.

எனக்கு வழி தெரியவில்லை. பதிவில் இப்படி எழுதக் கூடாது என்பார்கள். வேறு என்ன எழுத?

கப்பல் வர 24 நாள். காலை 9:40

பேச்சியிடமிருந்து செய்தி. நாம் பேசினால் அங்கே போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். அதனால் அவள் ஒரே மூச்சில் பேசுவாள். இப்போது ஒரே மூச்சு முடியவில்லை. இடையில் நிறுத்துகிறாள்.

"அண்ணே, திராட்சையும் படமும் வரஞ்சிக்கிட்டு இருக்கீயே, கூறு இருக்கா ஒனக்கு? நம்ம வீட்டுல எப்பிடிப் பழக்குனாக? தரையில காலை நீட்டி ஒக்காரு. அவன ரெண்டு கால் மேல ஒக்கார வையி, மூஞ்சி ஒன்னப் பாத்து. கையப் புடிச்சிக்கோ. 'உஸ்ஸ்ஸ்'னு சொல்லு. வரும் வரைக்கும் சொல்லு. ஒன்னையே அப்பிடித்தான் பழக்குனாக, இப்ப பெரிய ஆம்பளையாயிட்ட. அண்ணே... அவன் என்னய கேக்குறானா? கேக்கலன்னாலும் கேட்டான்னு சொல்லு."

கேட்டான் என்று செய்தி அனுப்பினேன்.

கப்பல் வர 23 நாள். காலை 7:25

வந்தது.

நீட்டிய என் ரெண்டு கால் மேல் உட்காரவைத்து, கீழே தட்டு வைத்து, கன்னம் வலிக்கிற அளவுக்கு 'உஸ்ஸ்ஸ்' என்றேன். முதலில் என் வாயை விரலால் மூடினான். பிறகு யோசித்தான். பிறகு வந்தது. பாதி எடை என்பதால் தட்டைத் தாண்டி அழகாக வளைந்து கருவிப் பெட்டிக்குள் போனது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இனி என்னுடையது, வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

அவன் சிரித்தான். நான் ஏன் கண்ணைத் துடைத்தேன் என்று கேமராவைப் பார்க்கிறவர்கள் கேட்க வேண்டாம். கன்னம் வலி.

கப்பல் வர 15 நாள். காலை 11:00

காற்றழுத்தம் சரி. பத்துக்கு எட்டுத் தடவை சரி.

காலிலிருந்து பெட்டிக்கு மாறிவிட்டான். முதலில் பெட்டி விசிறியை அணைத்துவிட்டு நான் சத்தம் கொடுத்தேன். பிறகு விசிறியை மெல்ல ஓடவிட்டேன். அதுவும் உஸ்ஸ்ஸ் என்றுதான் ஓடுகிறது. "மாமா மாதிரி" என்றான். அத்தோடு பயம் போச்சு.

ஆனால் ஒரு சட்டம் போட்டிருக்கிறான். அவன் போனால் நானும் போக வேண்டும். அவன் இறங்கியதும் "மாமா நீ" என்பான். நான் உட்கார வேண்டும், அவன் எதிரில் நின்று உஸ்ஸ்ஸ் என்பான். வரும் வரைக்கும் விட மாட்டான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. என் வயசில் கூப்பிட்ட குரலுக்கு வருகிற பொருள் அது ஒன்றுதான்.

இப்போதெல்லாம் கைலியை இடுப்புக்கு மேலே தூக்கிக் கட்டியிருக்கிறேன். ஒரு தடவை பட்டது போதும்.

கப்பல் வர 9 நாள். காலை 8:20

தோசைக் கல்லைக் காயவைத்தேன். கல்லில் தண்ணீர் தெளித்தேன். கல் உஸ்ஸ்ஸ் என்றது.

கதிரேசன் என் இடுப்பில் இருந்தான்.

அதே நாள். காலை 9:05

வேறு கைலி. உட்கார்ந்து யோசித்தேன். அவன் பெட்டியைப் பழகவில்லை. சத்தத்தைப் பழகியிருக்கிறான். சத்தம் கேட்டால் போகிறான், எங்கே இருந்தாலும். 'வருது' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல அவசியமே வரவில்லை, நான்தான் வாயால் ஊதிக்கொண்டே இருந்தேனே.

இந்த நிலையத்தில் எதெல்லாம் உஸ்ஸ்ஸ் என்கிறது என்று சுற்றிவந்து பார்த்தேன். குக்கர். வால்வு. செடி அறைத் தெளிப்பான். காற்றுக்கதவு.

காற்றுக்கதவு. கேப்டன் உள்ளே வர அதைத்தான் திறக்க வேண்டும். அது குக்கரைப் போல இல்லை, பஸ் டயரில் காற்று இறங்குகிற மாதிரி அரை நிமிடம் உஸ்ஸ்ஸ் என்னும். வந்த காலோடு திரும்பிப் போய்விடுவாள்.

கப்பல் வர 6 நாள். பகல் 12:00

வால்வைத் திறந்து காட்டி, "இது உஸ் இல்லைடா, இது வேற" என்றேன். அவன் வால்வைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போனான்.

பதினோரு தடவை.

துணி துவைக்கத் தண்ணீர் அளவைக் கூட்டியிருக்கிறேன்.

கப்பல் வர 4 நாள். மாலை 5:50

நினைக்கக் கூடாத ஒரு யோசனை வந்தது. பழகவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? ரெண்டு வருஷம் இங்கேயே இருப்பான். காலில் உட்கார்ந்து என் மூக்கைத் திருகுவான். அவன் போனால் இந்தக் கல்லில் நக்கலடிக்க எனக்குக் கணினிதான் மிச்சம். அதுவும் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கும்.

பேச்சியின் செய்தி வந்தது. ரொம்பச் சின்னது.

"அண்ணே, வாரானா?"

இன்றைக்கு வால்வோடு இன்னும் ஏழு தடவை உட்கார்ந்தோம். ஏழும் ஈரம். என்னால் முடிந்தது இவ்வளவுதான், பேச்சி.

கப்பல் வந்த நாள். காலை 9:15

கயல் தெரிகிறது. கதிரேசனைப் பெட்டிக்குக் கூட்டிப்போனேன். வந்தது. நானும்.

9:40

மறுபடியும். வந்தது. நானும்.

10:05

மறுபடியும். இவனுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. நல்லது, காலியாக இருக்கிறான்.

10:50

கப்பல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அழுத்தம் ஒத்துவர நேரம் ஆகும் என்கிறார்கள். கதிரேசன் தாகம் என்றான். ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்ல? கொடுத்தேன். ரெண்டாவது டம்ளர் கேட்டான்.

கொடுத்தேன்.

11:45

கதவு திறக்கப்போகிறது. இடுப்பில் தூக்கியிருக்கிறேன். காதைப் பொத்தினேன், கையைத் தட்டிவிட்டான். அழுத்த முள் இறங்கு

மதியம் 2:30

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காற்றுக்கதவு உஸ்ஸ்ஸ் என்றது. கதிரேசன் உடம்பு விறைத்தது. அந்த விறைப்பு எனக்குத் தெரியும். இடுப்பில் சூடு படும் என்று கண்ணை மூடி நின்றேன். கதவு முழுசாகத் திறந்தது. கேப்டன் ரோஸ்லின் நின்றாள், நெட்டையாக, நரைத்த கிராப்போடு. இவனுக்கு நினைவு தெரிந்து நேரில் பார்க்கிற முதல் புது ஆள். அவளையே பார்த்தான். மூச்சுகூட விடவில்லை.

"மாமா," என்றான். "வருது."

நான் நகரவில்லை. காதில் விழுந்தது, கால் வரவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளை சொல்லுதுல்லா. எறக்கி விடும்," என்றாள் கேப்டன்.

இறக்கிவிட்டேன். காலை இடுக்கிக்கொண்டு வாத்து மாதிரி ஓடினான். தானே டிரவுசரை இறக்கி, தானே ஏறி, தானே பொத்தானை அழுத்தினான். சத்தம் கேட்டது. வெளி ஆள் முன்னால் டிரவுசர் நனைய அவனுக்கு வெட்கம். இத்தனை நாள் எனக்கு முன்னால் அது இல்லை. நான் ஆளே இல்லை போலிருக்கிறது அவனுக்கு, அவன் வீட்டுச் சுவர்.

பிறகு உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "மாமா நீ."

கேப்டனைப் பார்த்தேன். அவள் திரும்பிச் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்க ஆரம்பித்தாள். போனேன்.

வெளியே வந்ததும் கேட்டாள். "கப்பல்ல மாமா கெடையாதே. அவன் போனா இன்னொரு ஆளும் போகணும்னு நிப்பானா?"

"நிப்பான்," என்றேன். பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "நாங்க நாலு பேரு இருக்கோம். முறை போட்டு உக்காருதோம். என்ன செய்ய?" என்றாள். அப்புறம் குனிந்து அவனிடம், "ஒங்க மாமா கைலிய முழுங்குன பொட்டி இதுதானால?" என்று கேட்டாள். நான்தான் முன்னே ஒரு செய்தியில் உளறியிருந்தேன்.

கதிரேசன் பெட்டியைக் காட்டித் தலையை ஆட்டினான். பிறகு அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

பேச்சிக்குச் செய்தி அனுப்பியாயிற்று: வாரான்.

மாலை 4:40

பனி ஏற்றி முடிந்தது. கதிரேசனைச் சீட்டில் கட்டினார்கள். நானும் வருகிறேன் என்று நினைத்திருக்கிறான் போல, பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினான். வேலை இருக்கிறது என்றேன். சரி என்றான்.

இந்தப் பக்கத்துக் கதவை நானே மூடினேன். கயல் பிரிந்தது. காற்றுக்கதவு அரை நிமிடம் உஸ்ஸ்ஸ் என்றது.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. நிலையத்தில் ஆள் ஒன்று. கதவுச் சத்தம் கேட்டுக் காவலரின் கைலி நனைந்தது. கைலி மாற்றப்பட்டது. நடை துடைக்கப்பட்டது.