சூடை மீனின் மேல் குற்றமில்லை

அன்புள்ள அக்கா,

என் முறைப்பாடுகள் பின்வருமாறு:

1. நான்கு வருடங்களுக்கு முன், திருநீற்றுப் புதன்: பொரித்த சூடை மீனைத் தள்ளிவைத்து, "அந்தோனியாருக்கு நேர்த்தி, தம்பி" என்று பொய் சொன்னீர்கள்.

2. அதே வருடம், குருத்தோலை ஞாயிறு: உண்மைக் காரணத்தை என் மனைவியிடம் மட்டும் சொல்லி, என்னிடம் மறைக்கும்படி சத்தியம் வாங்கினீர்கள்.

3. சென்ற திங்கள், நீங்கள் மாரடைப்பால் இறந்து ஏழு மாதங்களின் பின்: உங்கள் அலுமாரியில், பூச்சி உருண்டை மணக்கும் கூறைச்சேலைக்கு அடியில், மார்பக எக்ஸ்ரே படமும் வைத்திய அறிக்கையும் கிடைத்தன. பின்னர் தபாலில் வந்த அந்த அறிக்கையின் உறை பிரிக்கப்படவேயில்லை.

அதைக் காட்டிக் கேட்டபிறகுதான் என் மனைவி வாய் திறந்தாள். மார்பில் கல்சியம் படிந்திருப்பதாகப் படமெடுத்த பெண் சொன்னதுமே பயந்து வீடு திரும்பினீர்களாம். "முள்ளோட திண்ட சூடையெல்லாம் நெஞ்சில போய்க் குந்தியிருக்கு, பிள்ளை" என்றீர்களாம். நேர்த்தி என்று ஒன்றை விலக்கினால் எங்கள் வீடுகளில் எவரும் காரணம் கேட்பதில்லை. அந்த மரியாதையை நீங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டீர்கள்.

தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு சூடையைத் தலையோடு கடித்து முடித்துவிட்டு, என் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்து, "கம்பஸ் படிச்சு முடிச்சவருக்கு முள்ளெடுக்க ஒரு ஆள் வேணும்!" என்று ஊர் கேட்கச் சிரித்தவர் நீங்கள். அந்த வாய் சாகும்வரை பருப்பும் பூசணிக்காயும் தின்றது. இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

உறையை வைத்தியரே பிரித்தார். உங்களுடையவை பருமனான, தனித்தனிப் புள்ளிகள். வயதேறும்போது பலருக்கும் வருபவை, தீங்கற்றவை. "சாப்பிடுற கல்சியத்துக்கும் இதுக்கும் தொடர்பில்லை ஐயா. மீன் பாவம்" என்றார். நானும் சிரித்துவிட்டேன், கோபம் குறையவில்லை.

அவரிடம் நான் போனது உங்களுக்காக அல்ல. என் மனைவியின் படத்தில் மிக நுண்ணிய புள்ளிகள் ஓரிடத்தில் கூட்டமாகத் தெரிகின்றன. அவையும் தீங்கற்றவையாக இருக்கலாம்; ஆனால் ஊசியால் சிறிதளவு தசை எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. செவ்வாய்க்கிழமை நாள் தந்திருக்கிறார்கள். அவளோ, "மச்சாள் திரும்பிப் போகேல்லத்தானே, ஒண்டும் ஆகேல்லையே" என்கிறாள். நேற்றுக் கெஞ்சியபோது, "மச்சாள் சொல்லட்டும், வாறன்" என்றாள். பாதி பகிடி, மீதி பயம்.

என் படிப்பெல்லாம் சேர்ந்தும் அவளிடம் உங்கள் ஒரு சொல்லுக்கு ஈடாகவில்லை. உங்கள்மேலுள்ள கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது இருக்கும்வரை நீங்கள் பக்கத்து அறையில் இருப்பதுபோலவே இருக்கிறது.

ஆகவே, அவள் செல்வதில் தங்களுக்கு ஆட்சேபனை இருப்பின், திங்கள் மாலை ஐந்து மணிக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும். கனவில் வந்து சொல்வது ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. பதில் கிடைக்காவிடின் சம்மதம் எனக் கொண்டு, இக்கடிதத்தை அவளிடம் காட்டி, செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் அழைத்துச் செல்வேன்.

தம்பி