அண்ணிக்கு மூச்சு வாங்குகிறது

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் அண்ணனும் நலம். போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். மணி அடித்தாலே உன் அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் எதைப் பேச?

எனக்கு மாதாமாதம் வரும் அது நின்று ஒரு வருஷம் ஆகிறது. விட்டது சனியன் என்று இருந்தேன், இப்போது வியர்வை பிடித்துக்கொண்டது. கடையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கும்போதே குப்பென்று ஏறி முதுகெல்லாம் நனைந்துவிடும். "என்ன, குளிச்சிட்டுத் துடைக்காம வந்துட்டியா?" என்று முதலாளியம்மா கேலி செய்கிறாள். மாடியேறினால் மூச்சு வேறு வாங்குகிறது. உன் அண்ணனுக்கு அட்டாக் வந்ததிலிருந்து அவரை ஒரு பை தூக்கவிடுவதில்லை. தண்ணீர் கேன் உட்பட எல்லாவற்றையும் மூன்றாவது மாடிக்கு நான்தான் சுமக்கிறேன். வயசு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இதைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாதே. அவர் நெஞ்சு தாங்காது.

உன் அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

டிரைவிங் ஸ்கூலில் இன்று என்னிடம் கற்றுக்கொள்ளும் ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பக்கத்தில் நான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது வந்த பயம் அப்போதுகூட எனக்கு வரவில்லை.

வியர்வை எனக்கும்தான் வந்தது. அதற்காகப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: "அது நின்னதுக்கப்புறம் பொம்பளைங்களுக்கும் இதய ஆபத்து கூடும். பிரஷர், கொழுப்பு எல்லாம் ஏறப் பார்க்கும். எல்லாரும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்கன்னு இல்ல. மூச்சு வாங்கும், தாடை வலிக்கும், காரணமே இல்லாம அசதியா இருக்கும். வயசுன்னு விட்டுடாதீங்க."

மாதாமாதம் அண்ணனை இதய டாக்டரிடம் கூட்டிப்போய் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறீர்களே, ஒரு தடவை உள்ளே போய் என்னையும் பாருங்கள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த வீட்டில் இதயம் ஒன்றுதானா?

தாடை வலி உண்டா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 27

வாலுவுக்கு,

நீயே டாக்டரம்மா ஆகிவிட்டாய் போலிருக்கிறது. தாடை வலிக்கத்தான் செய்கிறது. நாள் முழுக்கக் குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தைக்கிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? அதுவும் மாடியேறும்போதுதான். உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

அந்த டாக்டர் முன்னால் நான் போய் உட்கார்ந்தால் உன் அண்ணன் பதறிப்போவார். அப்புறம் அவரை யார் பார்ப்பது? கடையில் ஒரு ஹோட்டலுக்கு மொத்தத் திரையும் தைக்கவேண்டியிருக்கிறது. முடியட்டும், பார்க்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

குண்டூசி கடித்து வலித்தால் தைக்கும்போதல்லவா வலிக்க வேண்டும்? மாடியேறும்போது ஏன் வலிக்கிறது?

இது உங்கள் கைக்கு வருவதற்குள் அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அது நின்றதையும் சேர்த்து. திட்டுவதானால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து திட்டுங்கள்.

வாலு


ஏப்ரல் 19

வாலுவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு அடைப்பு. ஒன்றில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இன்னொன்றுக்கு மாத்திரை. கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். மாதாமாதம் பெஞ்சில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனவர்தான் அவரும்.

நீ போனை வைத்ததும் உன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார். ஆஸ்பத்திரியில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமாக நான் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சு நன்றாகத்தான் தாங்கியது. இத்தனை நாள் எதற்கு அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தேனோ, தெரியவில்லை. இப்போது தண்ணீர் கேன் தூக்க ஆள் போட்டிருக்கிறார்.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உனக்கு மட்டும் எழுதியதை என் புருஷனிடமே சொல்லியிருக்கிறாய், அதுவும் ஸ்பீக்கரில்! எதிர் வீட்டுக்காரி வந்து, "இப்ப வியர்வை பரவாயில்லையா?" என்று விசாரிக்கிறாள். எனக்கு மானம் போயிற்று.

இந்தக் கோபம் ஆறுவதற்கு வருஷக்கணக்காகும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அவ்வளவு வருஷம் இருப்பேன் என்கிறார் டாக்டர்.

உன் அண்ணி